என் வீட்டு அபரன்

வேட்பு மனுவை வாபஸ் வாங்க மூன்று மணிவரைதான் நேரம். ஐந்து மணிக்கு எங்கள் கிளைச் செயலாளர் சஜிமோன் பட்டியலோடு படகில் வந்து இறங்கினான். நான் முற்றத்தில் சிப்பி அவித்துக்கொண்டிருந்தேன்.

"விலாசினிச் சேச்சி, இதை நீங்களே படிங்க. எனக்குச் சொல்ல வாய் வரல."

ஏழாவது பெயர் கே. கே. லோகிதாட்சன், சுயேச்சை, சின்னம் கெண்டி. அது எங்கள் மாஷ், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். எங்கள் முன்னணி ஆதரவில் நிற்கிறவர். எட்டாவது பெயர் பி. கே. லோகிதாட்சன், சுயேச்சை, சின்னம் கூஜா. அது என்னைக் கட்டியவர்.

சட்டசபைத் தேர்தல் வந்தால் எதிரணி வேட்பாளர் பெயரிலேயே ஒருத்தனைத் தேடிப் பிடித்து நிறுத்துவது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். கண் தெரியாத கிழடுகள் பெயரைப் பார்த்து மாற்றி அமுக்கிவிடும். அப்படி நிற்கிறவனை அபரன் என்போம். போன தேர்தலில் நாங்களும் ஒரு அபரனை நிறுத்தினோம். அன்று வயிறு வலிக்கச் சிரித்தவள் நான்.

என் வீட்டுக்காரர் காயலில் சிப்பி அள்ளிவிட்டு ஈரத் துண்டோடு ஏறி வந்தார். பட்டியலை மூஞ்சிக்கு நேரே நீட்டினேன்.

"என்ன மனுஷரே இது? உமக்கு மூளை கீளை இருக்கா?"

"ஔசேப்பச்சன் முதலாளி சொன்னாருடி. யார் ஜெயிச்சாலும் பாலம் வரப்போகுதாம். நான் நின்னா, பாலத்துக்கு நம்ம ஷீஜா பேரை வைப்பாங்களாம். கல்லுல எழுதுவாங்களாம்."

ஔசேப்பச்சன் இப்போதைய எம்.எல்.ஏ.வின் வலது கை. அடுப்பில் சிப்பி பொங்கி வழிந்தது.

ஷீஜா எங்கள் ஒரே மகள். ஏழு வருஷம் முன்னால் பிரசவ வலியோடு அவளைப் படகில் ஏற்றினோம். நடுக்காயலில் ஆகாயத்தாமரை சூழ்ந்துகொண்டது. அவர் தண்ணீரில் குதித்து இரண்டு கையாலும் பிய்த்துப் பிய்த்து வழி செய்தார். முக்கால் மணி நேரம். கரை சேர்ந்தபோது தாயுமில்லை, பிள்ளையுமில்லை. அன்று கரையில் நின்று அவளைத் தூக்கி இறக்கியவர் மாஷ். அதற்கப்புறம் எங்கள் பனையந்துருத்துத் தீவுக்குப் பாலம் கேட்டுப் பதினொரு நாள் பட்டினி கிடந்தார். பதினைந்து வருஷமாக எம்.எல்.ஏ.வாக இருப்பவர் ஒரு அடிக்கல் நட்டார். அதன்மேல் ஆடு படுத்துக் கிடக்கிறது. மாஷ் ஜெயித்தால்தான் பாலம். இது எங்கள் தீவில் குழந்தைக்கும் தெரியும். இந்த மனுஷருக்குத் தெரியாமல் போச்சே!

"அவளைக் கொன்னவனுங்க கல்லுல அவ பேரா? உமக்கு வெட்கமா இல்ல?"

அவர் அழுதார். மகள் செத்த அன்றுகூட அழாதவர். "வாபஸ் வாங்கிடறேன்டி, இப்பவே போறேன்" என்று சட்டையைத் தேடினார். நேரம் முடிந்துவிட்டது என்று சஜிமோன் சொன்னான்.

மறுநாளிலிருந்து ஒரு கூத்து நடந்தது. பூத் சிலிப் கொடுக்கப் போகும் எங்கள் பெண்கள் ஸ்குவாடுக்கு நான்தான் தலைவி. அவர்தான் துடுப்புப் போட்டார். ஒவ்வொரு படகுத்துறையிலும் எங்களுக்கு முன்னால் இறங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நான்தான் கூஜா. எனக்குப் போடாதீங்க. கெண்டிக்குப் போடுங்க. மூக்கு இருக்கிறது கெண்டி. மூக்கில்லாதது நான்."

சனங்கள் சிரித்து உருண்டார்கள். "தனக்கே ஓட்டுப் போடாதேன்னு சொல்ற வேட்பாளரை இப்பத்தான் பாக்குறோம், லோகிச் சேட்டா!" என்றாள் ராஜம்மா. கள்ளுக்கடையில் அவரைக் கண்டதும், "வழி விடுங்கடா, எம்.எல்.ஏ. வர்றார்" என்றார்கள். தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்வார். அக்கரையிலும் இதே பாட்டுத்தான். ஒரு வீட்டில் எங்கள் ஆட்களே, "துரோகி, இறங்குடா" என்று மீன் கழுவின தண்ணீரை அவர்மேல் ஊற்றினார்கள். அதையும் துடைத்துக்கொண்டு, "மூக்கு இருக்கிறது கெண்டி" என்றார். திட்டிக்கொண்டே அந்தத் தலையைத் துவட்டிவிட்டேன்.

ஓட்டுப் பதிவு அன்று பள்ளிக்கூடத்தில் நல்ல கூட்டம். அவரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து போட்டார். வெளியே வந்து என்னிடம், "ஏழாவதைத்தான் அமுக்கினேன். ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் அமுக்கினேன்" என்றார். சாயங்காலம் வீடு வந்து, கப்பைக்கிழங்கும் மத்திக் கறியும் வயிறாரத் தின்றார். அந்த மாதம் அவர் ஒழுங்காகத் தின்றது அன்றுதான்.

எண்ணிக்கை நாளில் ரேடியோ பக்கத்திலேயே கிடந்தோம். மத்தியானம் தாண்டி சஜிமோன் வந்தான். படகைக் கட்டக்கூட இல்லை.

"முப்பத்தெட்டு ஓட்டு, சேச்சி. மாஷ் முப்பத்தெட்டு ஓட்டுல தோத்துட்டார்."

"அபரனுக்கு?"

"மொத்தம் அறுநூத்தி பன்னெண்டு. அது போகட்டும், அக்கரையில் ஏமாறத்தான் செய்வாங்க. நம்ம பூத்ல நாப்பத்திமூணு சேச்சி! நம்ம தீவுல! கெண்டி எது, கூஜா எதுன்னு பச்சைப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

தெரியாமல் போட்டவர்கள் இல்லை அவர்கள். சாயங்காலத்துக்குள் உண்மை வெளியே வந்துவிட்டது. முதலில் ராஜம்மா வேலியோரம் வந்து மூக்கைச் சிந்தினாள்.

"பாவம் சேச்சி, ஊரெல்லாம் கும்பிட்டாரு. சொந்த ஊர்ல ஒரு ஓட்டுகூட விழலன்னா மானக்கேடு இல்லையா? நான் ஒருத்தி போட்டா என்ன ஆயிடும்னு..."

அப்புறம் தோணிக்காரர் வாசவன். அப்புறம் சஜிமோனின் அம்மாவே. எல்லாருக்கும் ஒரே வார்த்தை: நான் ஒருத்தர்தானே. ஒருத்தர் போட்டது இன்னொருத்தருக்குத் தெரியாது. நான் பேயாட்டம் ஆடினேன். ராஜம்மாவின் ஏழு தலைமுறையை இழுத்தேன். வாசவன்மேல் விளக்குமாற்றை வீசினேன். "உங்க இரக்கத்துல இடி விழ! என் புள்ளையை மறுபடியும் காயல்ல போட்டுட்டீங்களேடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

இரண்டு நாள் கழித்து மாஷ் வந்தார். எழுபத்தொரு வயது, பட்டினி கிடந்து கெட்ட உடம்பு. பால் விடாத கட்டஞ்சாயா குடித்தார். என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த தடவை பாத்துக்கலாம், லோகி" என்றார். அடுத்த தடவைக்கு அவர் இருக்கப்போவதில்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். அவரைப் படகேற்றிவிட்டு இவர் துறையிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நாப்பத்திமூணு பேரு என்மேல இவ்வளவு பிரியம் வெச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியாதுடி" என்றார். "அந்தப் பிரியம் இல்லாம இருந்திருக்கலாம். ஷீஜாவுக்கு நான் இன்னொரு தடவை துரோகம் பண்ணிட்டேன். நம்ம ரெண்டு பேர் ஓட்டாவது மாஷுக்குப் போச்சே, அது ஒண்ணுதான் நிம்மதி. நீ ஏழாவதைத்தானே அமுக்கினே?"

"பின்னே? கேக்குறீரே கேள்வி! ஏழாவதுதான்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

ஓட்டுப் பதிவு அன்று காலை ஏழு மணிக்கு வரிசையில் முதல் ஆளாக நின்றவள் நான். இயந்திரத்தில் இரண்டு பெயரும் ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தன. மீன் தண்ணீர் வழிந்த அந்தத் தலை கண்முன் வந்தது. ஊரே கைவிட்டாலும் கட்டினவள் ஓட்டு ஒன்று கிடக்கட்டும், என் ஒருத்தி ஓட்டால் என்ன ஆகிவிடும் என்றுதான் எட்டாவதை அமுக்கினேன்.