வியாழக்கிழமை இல்லாத வீடு

"புதனுக்கு மறுநாள் காலையில் தாத்தா வெட்டியை எடுத்தார்" என்று உரக்கப் படித்தாள் பெர்மெத்.

தயிர் மூட்டையைப் பிழிந்துகொண்டிருந்த சைகாலின் கை நின்றது. ஏழு வயது மகளின் தோளுக்கு மேலே எட்டிப் பாடப் புத்தகத்தைப் பார்த்தாள். அதில் அப்படி எழுதியிருக்கவில்லை.

"விரலை வெச்சுப் படிடி. எழுத்து எழுத்தா. குத்துமதிப்பா அடிச்சு விடாதே."

"விரல் வெச்சுத்தாம்மா படிக்கிறேன். இது வெட்டி. நீதானே சொல்லிக் குடுத்தே?"

அடுப்பருகே மாவு தேய்த்துக்கொண்டிருந்த மாமியார் ஊல்கானின் குழவியும் நின்றது. "என்ன மருமகளே, பிள்ளை சரியாத்தானே படிக்குது?"

"சரிதான் அத்தை" என்றாள் சைகால். பிறகு மகளிடம் திரும்பி, "அந்தக் கெட்டியை எடு" என்றாள். பெர்மெத் வாசலோரம் கிடந்த கல்லைத் தூக்கிவந்து கொடுத்தாள். மூட்டையின் மேல் பாரம் ஏறியது. ஊல்கானின் குழவி மறுபடி உருண்டது.

வாழ வந்த வீட்டுப் பெரியவர்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அந்தப் பள்ளத்தாக்கின் மற்ற வீடுகளில் இந்த வழக்கம் பெயரோடு நின்றுவிடும். ஊல்கான் அப்படி அரைகுறையாக மரியாதை செய்கிறவள் அல்ல. பெயருக்குள் பதுங்கியிருக்கும் சொல்லையும் அவள் விடமாட்டாள். செத்துப்போன மாமனார் தஷ்தான்; அவர்கள் மொழியில் தஷ் என்றால் கல். ஆகவே சைகாலுக்குக் கல் "கெட்டி". கணவனின் அண்ணன் பால்தபாய். பால்தா என்றால் கோடாலி. ஆகவே கோடாலி "வெட்டி". ஆள் விஷயத்தில் அது பொருத்தமாகவும் இருந்தது. மாமனாரைப் பெற்றவர் பெய்ஷெனாலி, வியாழக்கிழமையின் பெயரைச் சுமந்தவர். ஆகவே வாரத்தில் ஒரு நாளே காணாமல் போயிருந்தது.

இத்தனை மரியாதைக்கும் உரிய தஷ்தான் குடித்துவிட்டுக் குதிரையிலிருந்து விழுந்து, விடியும்வரை ஓடையில் கிடந்து செத்தவர். இருந்தவரை ஊர் அவரைப் "பாட்டில் தஷ்தான்" என்றது. ஊர் சொல்லலாம், சாராயக் கடைக்காரன் சொல்லலாம், கடனுக்குத் தேடி வந்தவன் வாசலில் நின்று கத்தலாம். சைகால் சொன்னால் மட்டும் அவர் மானம் போய்விடும்.

பெர்மெத் அந்த வீட்டில் பிறந்த பெண். அவளுக்குத் தடை ஏதும் இல்லை. ஆனால் அவளுக்குப் படித்துக் காட்ட அம்மாவைவிட்டால் வேறு வாய் இல்லை. அப்பா ருஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். பாட்டிக்குப் புத்தக எழுத்து மங்கல். தொலைக்காட்சித் தொடர் மட்டும் துல்லியமாகத் தெரியும்.

மறுநாள் ஆசிரியை ஜிபெக் சைகாலைப் பள்ளிக்கு வரச் சொன்னாள்.

"உங்க பொண்ணு எழுத்தைப் பார்க்கிறதே இல்ல. மனசுல வர்றதைச் சொல்றா. எழுத்தெல்லாம் கத்து முடிச்ச பிள்ளைங்களுக்கு நடத்துற எழுத்து விழாவுல மேடையேறிப் படிக்கணும். அங்கேயும் இதே கதைன்னா மந்தப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் குடுக்கிறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல. அங்க விடுதியிலதான் தங்கணும், தெரியுமில்ல?"

சைகால் காரணத்தைச் சொன்னாள். ஜிபெக் வாய்விட்டுச் சிரித்தாள்.

"இந்தக் காலத்திலயா! நல்லாயிருக்கு போங்க. பிள்ளை தப்பாப் படிச்சா நிறுத்துங்க. சரியான சொல்லை நீங்க சத்தமாச் சொல்லுங்க. அவ திருப்பிச் சொல்லணும். அப்புறம் அந்த வாக்கியத்தை முதல்லருந்து படிக்கணும். அவ்வளவுதான் மருந்து."

"அத்தை வீட்ல இருக்காங்களே, அக்கா."

"அத்தைக்கு எடுத்துச் சொல்லுங்க. நாமெல்லாம் படிச்ச பொம்பளைங்க. விழாவுக்குத் தலைமை யாரு தெரியுமா? உங்க வீட்டு… அவர்தான். ஊராட்சிப் பெரியவர்."

ஜிபெக்கும் அதே குலத்தில் வாழ வந்தவள். பால்தபாய் என்ற பெயரை அவள் நாக்கும் சுற்றிக்கொண்டுதான் போனது. சைகால் அதைக் கவனித்தாள். ஜிபெக் கவனிக்கவில்லை.

விழாவன்று கூடம் நிறைந்திருந்தது. பால்தபாய் வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பேசினான். "தாய் மடிதான் முதல் பள்ளிக்கூடம்! தாய் வாய்தான் முதல் புத்தகம்!" அந்த வாயைத் தைத்து வைத்த வீட்டின் மூத்த மகனுக்கு எல்லாரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் ஊல்கான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

பெர்மெத் புத்தகத்தோடு மேடையேறினாள். முதல் சொல்லின் கீழ் விரலை வைத்தாள். வாயைத் திறந்தாள். மூடினாள். தனக்குத் தெரிந்த ஒரே விடை தப்பான விடை என்பது மட்டும் அவளுக்கு இப்போது தெரிந்திருந்தது. கூட்டத்தில் அம்மாவைத் தேடினாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜிபெக் உதட்டைப் பிதுக்கினாள். ஊல்கான் மெல்லத் திரும்பி மருமகளை ஒரு பார்வை பார்த்தாள்.

சைகால் எழுந்து நின்றாள்.

"வியாழக்கிழமை" என்றாள்.

குரல் பெரிதாக இல்லை. ஆனால் கூடத்தில் பாதிப் பேர் அந்தக் குலம். இருமல்கூட நின்றுபோயிற்று.

"வியாழக்கிழமை காலையில் தாத்தா…" பெர்மெத் மறுபடி நின்றாள்.

"கோடாலி."

மேடையில் பால்தபாய் யாரோ தன்னைக் கூப்பிட்டதுபோலத் திரும்பினான். பின்வரிசை கொல்லென்று சிரித்தது.

"வியாழக்கிழமை காலையில் தாத்தா கோடாலியை எடுத்தார்" என்று பெர்மெத் முதலிலிருந்து படித்தாள். அடுத்த வரியில் விரல் ஊர்ந்தது, நின்றது. இந்த முறை அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. எழுத்தைப் பார்த்தாள். "க… ல்… கல். கல்லில் பட்டுக் கோடாலி மழுங்கியது."

விழா முடிந்ததும் ஜிபெக் சைகாலை ஓரமாக இழுத்தாள். "பொண்ணு இங்கேயே படிக்கட்டும், ஒண்ணும் கவலையில்ல. ஆனாலும் சபையில பெரியவங்க பேரை அப்படிப் போட்டு உடைச்சிருக்க வேணாம். கேட்டவுடனே எனக்கே உடம்பு கூசிடுச்சு."

"நீங்க சொன்ன மருந்துதான் அக்கா" என்றாள் சைகால்.

வீட்டுக்கு வந்ததும் ஊல்கான் தலைத்துணியைக்கூட அவிழ்க்கவில்லை.

"செத்துப்போன எம் மாமனாரைச் சபையில இழுத்துட்டியே! எம் பிள்ளையை ஊரே சிரிக்க வெச்சிட்டியே! நாக்கா அது? பெரியவன் வந்து பேசுறேன்னு சொல்லியிருக்கான். உன் துணிமணியை மூட்டை கட்டி வை."

"நான் யார் பேரையும் சொல்லல அத்தை. பாடம் சொன்னேன். அவர் என்னைக்கு வர்றார்?"

"புதனுக்கு மறுநாள்" என்றாள் ஊல்கான்.

மேசையிலிருந்து பெர்மெத் நிமிர்ந்து பார்த்தாள்.

"தப்பு பாட்டி. வியாழக்கிழமை. நீங்க திருப்பிச் சொல்லணும். அப்புறம் முதல்லருந்து படிக்கணும்."

பெய்ஷெனாலியின் வீட்டுக்கு ஊல்கானும் ஒரு காலத்தில் மருமகளாகத்தான் வந்தாள். அன்றைக்கு விட்ட சொல் அது. பேத்தியைத் திட்டத்தான் இப்போது அவள் வாய் திறந்தது. திட்டும் வரவில்லை, கிழமையும் வரவில்லை. திறந்தபடி நின்றது.

சைகால் வடிய வேண்டிய தயிரை மூட்டையாகக் கட்டித் தொட்டியில் வைத்தாள்.

"பெர்மெத், அந்தக் கல்லை எடுத்துட்டு வா" என்றாள்.