பெலிண்டா மிஸ்ஸின் இருபத்து மூன்று நாள் குறிப்பு

காட்டூரில் உள்ள ஒரு பெண்கள் பள்ளியில் பெலிண்டா பதினாறு வருடங்களாக விளையாட்டு ஆசிரியை. இத்தனை வருடத்தில் எந்தப் பெண்ணையும் மட்டம்தட்டிப் பேசியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

ஜூலையில் டைபாய்டு வந்தது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டு வயிறு கெட்டுப்போனது. "வயித்துக்கு நல்லது பண்ற பாக்டீரியா மாத்திரை இருக்கு, போடுங்க மிஸ்" என்று உடன் வேலை பார்க்கும் ஆனந்தவள்ளி சொன்னதால், மருந்துக் கடையில் புரோபயாடிக் காப்ஸ்யூல் வாங்கினாள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. கபடி அணிப் பெண்களுக்கு எழுதுவதுபோலத் தனக்கும் தினமும் எழுதினாள்: எத்தனை மணி நேரத் தூக்கம், என்ன சாப்பாடு, உடம்பு எப்படி.

மூன்றாம் நாளே வயிறு உப்பியது. எதைச் சாப்பிட்டாலும் கேஸ். ஒரு வாரத்தில் தூக்கம் போனது. காரணமில்லாத படபடப்பு. கணவர் ஸ்டீபன்ராஜ் டம்ளரை வைக்கும் சத்தம்கூட எரிச்சலூட்டியது.

பன்னிரண்டாம் நாள் கபடிப் பயிற்சியில் கேப்டன் அஃபீஃபா எதிர்ப்பக்கம் ரெய்டு போனபோது எல்லைக்கோட்டுக்கு வெளியே கால் வைத்துவிட்டாள். பெலிண்டா விசிலைத் தரையில் வீசினாள்.

"உன்னக் கேப்டனாக்கினதே என் தப்பு. போ!"

அஃபீஃபா பையை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாளிலிருந்து பயிற்சிக்கே வரவில்லை.

அவள் வராத முதல் நாள் மாலை நோட்டைப் புரட்டிய பெலிண்டா கணவரிடம் சொன்னாள்: "என்னங்க, எல்லாமே அந்தக் காப்ஸ்யூல் ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான்."

"அது தயிர் மாதிரிதானே? அதுக்கும் கோபத்துக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் காப்ஸ்யூலை நிறுத்தினாள். நான்கைந்து நாளில் வயிறு லேசானது. தூக்கம் வந்தது. எட்டு நாள் கழித்தும் சந்தேகம் விடவில்லை. மறுபடி போட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாளே அதே உப்புசம், அதே படபடப்பு.

நோட்டை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் டாக்டர் ரஞ்சனியிடம் போனாள். ஸ்டீபன்ராஜும் கூடப் போனார். டாக்டர் இருபத்து மூன்று நாள் குறிப்பையும் பொறுமையாகப் படித்தார்.

"நீங்களா திரும்பப் போட்டுப் பாத்திருக்க வேணாம். ஆனா கண்டுபிடிச்சது சரின்னுதான் தோணுது. நிறைய பேருக்கு இது ஒண்ணும் பண்ணாது, சிலருக்கு ஒத்துக்காது. வயித்துக்கும் மனசுக்கும் தொடர்பு இருக்கு. எந்த அளவுக்குன்னு இன்னும் ஆராய்ச்சி நடந்துகிட்டுதான் இருக்கு. தூக்கம் கெட்டாலே கோபம் வந்துரும். இத விட்டுருங்க." நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இவ்வளவு தெளிவா எழுதிட்டு வந்த பேஷன்ட்ட நான் பாத்ததில்ல, டீச்சர்."

காவிரிப் பாலத்தைத் தாண்டும்வரை ஸ்டீபன்ராஜ் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினார். "நான் தயிருன்னு சொன்னேன். நீ டாக்டரையே படிக்க வச்சுட்ட."

பெலிண்டாவுக்கும் பெருமைதான். ஆனால் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. வழியில் தென்னூரில் அஃபீஃபாவின் வீட்டுக்குப் போய், மறுநாள் மைதானத்துக்கு வரச் சொன்னாள்.

அவள் வந்தாள். பன்னிரண்டு பெண்களும் வரிசையாக நிற்க, பெலிண்டா பேசினாள்.

"அன்னைக்கு எனக்கு உடம்பு சரியில்ல, ஒரு மாத்திரை ஒத்துக்கல. ஆனா அந்த வார்த்தையச் சொன்னது மாத்திரை இல்ல, நான். அஃபீஃபா, மன்னிச்சிரும்மா. உன்னக் கேப்டனாக்கினது நான் எடுத்த நல்ல முடிவு."

அஃபீஃபாவின் கண் நிறைந்தது. "கால் வெளிய வச்சது நெசந்தான மிஸ். இன்னைக்கு அந்த ரெய்டையே நூறு தடவ சரியாப் பண்றேன்."

அன்றைக்கு இருட்டும்வரை பயிற்சி நடந்தது.

செப்டம்பரில் மணப்பாறையில் பள்ளிகளுக்கு இடையிலான கபடி இறுதிப் போட்டி. கடைசி ரெய்டில் அஃபீஃபா இருவரைத் தொட்டுவிட்டு, எல்லைக்கோட்டை ஒட்டியே, கால் வெளியே படாமல் ஓடித் திரும்பினாள். ஒரு புள்ளி வித்தியாசத்தில் வெற்றி. கோப்பையை வாங்கிய கையோடு அவள் நேராக வந்து பெலிண்டாவிடம் கொடுத்தாள். பெலிண்டா வாங்கவில்லை. அவளுடைய கையை அப்படியே உயர்த்திப் பிடித்து, கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"இவதான் எங்க கேப்டன்!"