டிரைலர் கடந்து போகும் வரை

1

இந்தக் கதை எனக்குக் கடையில் கிடைத்தது. எங்கள் மளிகைக் கடை திருவொற்றியூரில், எண்ணூர் விரைவுச் சாலையைப் பார்த்தபடி இருக்கிறது. உடன்குடியிலிருந்து வந்த என் மாமனார் வைத்த கடை. கல்லாவில் உட்கார்ந்தபடியே நான் கதை எழுதுவது தெருவுக்கே தெரியும். தெரிந்தும் என்னிடம் வந்து, "அக்கா, யாராண்டயும் சொல்லாத" என்று ஆரம்பிக்கிறார்கள். இவர்களை என்ன செய்வது?

ரூஹியும் அப்படித்தான் வந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, சல்வாரின் முட்டியில் கிழிசல். பிளாஸ்திரி கேட்டாள். எடுத்துக் கொடுப்பதற்குள், "வுழுந்துட்டேன்க்கா" என்றாள்.

ரூஹி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். விடிந்ததும் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிற பொறுப்பு இப்போதுதான் கிடைத்தது. அதற்கு வண்டி ஓட்டத் தெரிய வேண்டும். அவள் கணவர் நசீர் துறைமுகத்தில் வேலை செய்கிறார். முதுகுவலி வந்து, இனி பைக்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, அவருடைய கியர் வண்டி வாசலில் சும்மா நின்றது. ரூஹி கேட்டாள். நசீர் வெகுநாள் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனையோடு கொடுத்தார். "ஒரு தபா வுழுந்தாலும் சாவி என் கைக்கு வந்துடணும்."

சாவி போனால் வேலை போகும். ஆசைப்பட்டு வாங்கிய வேலை. அவள் விழுந்தும்விட்டாள். கதையின் முடிச்சு இவ்வளவுதான், இதை ஒளித்து வைத்து வித்தை காட்ட எனக்குப் பொறுமை இல்லை.

2

ஆனால் எங்கே தொடங்குவது?

முதலில் எழுதியது: "வங்கக் கடலின் மீது பொன்னை உருக்கி ஊற்றியபடி கதிரவன்—" அடித்துவிட்டேன். எங்கள் சாலையில் காலையில் தெரிவது புழுதி. அதற்குப் பின்னால் சூரியன் இருந்தால் அது அதன் சமர்த்து.

அடுத்து எழுதியது: "அன்று முதன்முறையாக அவள் ஒரு பறவையைப் போல—" பெண் வண்டி ஓட்டினாலே பறவையாகிவிட வேண்டுமென்று யார் சட்டம் போட்டது? ரூஹியிடம் படித்துக் காட்டினேன். "பறவையா? ரெண்டாவது கியர் போடவே எனக்கு நாக்கு தள்ளிப் போச்சு. நீ இன்னாக்கா, பேஜாரு பண்ற" என்றாள். அதையும் அடித்தேன்.

கடைசியில் நின்ற வரி இது: எங்கள் பக்கத்தில் டிரைலர் கடந்து போகும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வோம்.*

(* வெளியூர் வாசகருக்கு: டிரைலர் என்பது கண்டெய்னர் ஏற்றிப் போகும் நீள லாரி. துறைமுகத்துக்குப் போவதும் வருவதுமாக நாள் முழுக்க ஓடும். சாலையோரம் குவிந்த மணலும் கரித்தூளும் அது கிளப்பிவிடும் காற்றில் எழுந்து முகத்தில் அறையும்.)

இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கைக்குழந்தை கூட மூடிக்கொள்ளும். இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது டிரைலர் வந்தால் பேச்சு அந்தரத்தில் நிற்கும். இருவரும் கண்ணையும் வாயையும் மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது போனதும் விட்ட சொல்லிலிருந்தே தொடர்வார்கள். யாருக்கும் இது விசேஷமாகப் படுவதில்லை. உடன்குடியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் இதைப் பார்த்து எனக்கு

(டிரைலர் போகிறது.)

சிரிப்பாக வந்தது. இப்போது நானும் அப்படித்தான், நீங்களே பார்த்தீர்களே.

3

அன்று காலை எண்ணூரில் ரத்தம் எடுத்துக்கொண்டு ரூஹி திரும்பி வந்துகொண்டிருந்தாள். இடப்பக்கம் கருங்கல் கொட்டிய கரை, அதைத் தாண்டினால் கடல். வண்டியின் பின்னால் ஐஸ் பெட்டி. சாப்பிடாமல் காத்திருந்த வயசாளிகளின் ரத்தம் அதில் இருந்தது. ஹெல்மெட் போட்டிருந்தாள். அதன் கண்ணாடியைக் கீழே இறக்கியும் விட்டிருந்தாள். நசீர் சொல்லிக்கொடுத்த எதிலும் அவள் குறை வைக்கவில்லை.

வலப்பக்கம் ஒரு டிரைலர் முந்திக்கொண்டு போனது. புழுதி எழுந்தது. ரூஹி கண்ணை மூடிக்கொண்டாள்.

"கண்ணாடிக்குள்ள கீறேன்க்கா. ஒரு தூசு உள்ள வராது. இருந்தும் மூடிக்கினேன். மூடினதே எனக்குத் தெர்ல. தொறக்கசொல்லதான் மூடியிருந்தேன்னே தெரிஞ்சுது."

வண்டி தன்பாட்டுக்கு இடப்பக்கம் ஒதுங்கி, முன்சக்கரம் மணலில் புதைந்து, அவளை வலப்பக்கம் சாலையில் தள்ளியது. பெரிய வேகம் இல்லை. எலும்பு எதுவும் முறியவில்லை. விபத்து என்று சொல்லிக்கொள்ளவே கூச்சப்படும் அளவுக்குச் சின்ன விபத்து.

ஆனால் கண்ணைத் திறந்தபோது அவள் தலைக்கு மேல் இன்னொரு டிரைலரின் முகம் நின்றது. முன்னால் போனது போய்விட்டது. இது பின்னால் வந்தது. கை நீட்டினால் பம்பரைத் தொடலாம். வண்டிக்கடியில் அவள் பார்த்தாள். அச்சுகளும் சக்கரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போய்க்கொண்டே இருந்தன. சூடு முகத்தில் அடித்தது. ஒரு வீடே அவளுக்காக நின்றிருந்தது. அதற்குப் பின்னால் வந்தவையும் நின்றன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. இந்த வண்டியின் டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

அப்போதுதான் அது கேட்டது.

"கடலுதான்க்கா" என்றாள் ரூஹி, கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு. "கல்லுல வந்து மோதிகினே கீது. இந்த ரோட்டாண்டயேதான் வளர்ந்தேன். இந்த எடத்துல கடலு சத்தம் கேக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன். இத்தனை வருடம் கடையைத் திறந்து மூடுகிற எனக்கும் தெரியாது. அவ்வளவு பெரிய கடல், இங்கேயே, எங்களோடு பேசிக்கொண்டே இருந்திருக்கிறது.

4

டிரைவர்தான் எழுதும்போது தகராறு பண்ணினார்.

முதலில் அவரைக் குடிகாரராக்கினேன், அது அநியாயம். பிறகு, அந்த வண்டியை ஓட்டி வந்ததே நசீரின் பழைய தோஸ்து என்று வைத்து, "தங்கச்சி! நீயா!" என்று அவர் அலறுவதாக ஒரு பக்கம் எழுதினேன். ரூஹி, "இன்னாக்கா, இன்டர்வெல் உட்ருவியா?" என்றாள். கிழித்தேன்.

நடந்தது வேறு. இறங்கி வந்தவர் பெயர் சாலமோன், தூத்துக்குடிப் பக்கம். அவளைத் தூக்கிவிட வந்தவர், அவள் தானே எழுந்து உட்கார்ந்ததும், பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணும் ஆகலயேம்மா? நெசமா ஒண்ணும் ஆகலயே?"

"இல்லண்ணே."

"எனக்குத்தாம்மா உசுரு போயிட்டு வந்துருக்கு. கொஞ்சம் தண்ணி இருந்தா குடு."

விழுந்தவள், விழாதவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு ஐஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு டியூபாக எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் உடையவில்லை. அந்த வயசாளிகளை மறுபடி குத்த வேண்டியதில்லை என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"நீ லேசா ஆட்டம் கண்டப்பவே பாத்துட்டேன். பாத்ததும் கால் தானா மிதிச்சிருச்சு" என்றார் சாலமோன்.

இந்த இடத்தை எப்படி எழுதினாலும் எனக்குப் போதவில்லை. அவள் கண் மூடியிருந்த அந்த நேரத்தில், முன்பின் தெரியாத ஒரு மனிதர், அத்தனை பாரத்தையும் காலடியில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். நம் எல்லோருக்கும் தினமும் யாராவது இப்படி

(டிரைலர் போகிறது.)

வேண்டாம், விட்டுவிடுகிறேன். கட்டுரை ஆகிவிடும்.

5

முடிவுக்கு வருவோம். நான் இரண்டு வைத்திருந்தேன்.

(அ) ரூஹி உண்மையைச் சொல்கிறாள். நசீர் சாவியை வாங்கிக்கொள்கிறார். நேர்மை வென்றது, வேலை போனது.

(ஆ) முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துவிடுகிறாள். வேலை நிற்கிறது. ஒவ்வொரு டிரைலருக்கும் நெஞ்சு திடுக்கிடுகிறது.

இரண்டையும் அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"வுழுந்தது தப்பில்லக்கா. எல்லாரும்தான் வுழறாங்க. கண்ண மூடினேன் பாரு, அதான் பயமா கீது. அது நிக்கலன்னா, அவரு கேக்கவே வாணாம், நானே சாவிய குட்த்துருவேன். நின்னுச்சுன்னா, வுழுந்ததையும் சொல்லுவேன், சாவியையும் குடுக்க மாட்டேன்."

"நின்னுச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"அதான் நீ கீறியே. பின்னாடி குந்து. சைடு கண்ணாடில என் கண்ணையே பாத்துகினு வா. எனக்கே தெரியாம மூடறேன்ல, நீ பாத்து சொல்லு."

எழுத்தாளரை ஒரு கதாபாத்திரம் வேலை வாங்குவது எனக்கு இதுதான் முதல் தடவை.

6

கடையை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு ஏறினேன். ஒரு பக்கமாகத்தான் உட்காருவேன் என்றதற்கு, "ரெண்டு பக்கமும் கால் போடு, இல்லன்னா எறங்கு" என்று அதட்டினாள். புடவையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி ஒரு தூக்குத் தூக்கியது. கர்த்தரை நினைத்துக்கொண்டேன்.

அந்த இடம் வந்தது. மணலில் அவள் வண்டி உழுத கோடு இன்னும் இருந்தது. சைடு கண்ணாடியில் அவள் கண்கள் தெளிவாகத் தெரிந்தன. ஹெல்மெட்டுக்குள், மை தீட்டிய, தூக்கமில்லாத கண்கள். அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் உறுமல் கேட்டது. பக்கத்தில் நெருங்கியது. நிழல் எங்கள் மேல் ஏறியது. கண்கள் திறந்திருந்தன, திறந்தே இருந்தன, பிறகு புழுதி

(டிரைலர் போகிறது.)

வாசகரே, நான் கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன்.

செய்யச் சொன்னது ஒரே ஒரு வேலை. அதைக்கூடச் செய்யவில்லை. நான் மறுபடி பார்த்தபோது வண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது. ரூஹி ஓரம் கட்டி நிறுத்தினாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் முழுக்க வியர்வை.

"அக்கா, அவரோட கண்ணாடில அவரு மூஞ்சி தெரிஞ்சுது. டிரைவரு. என்னைப் பாத்தாரு. நானும் அவரப் பாத்தேன். அவ்ளோ பெரிய வண்டி, உள்ள ஒரு ஆளு கீறாருக்கா! இத்தினி வருசம் ஒரு தபா கூட நான் பாத்ததில்ல." மூச்சு வாங்கினாள். "நீ பாத்தல்ல? என் கண்ணு தொறந்திருந்துச்சில்ல?"

நான் ஏதோ முனகினேன். அவள் காதில் விழவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மறுபடி வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

7

அவர்கள் வீட்டு வாசலும் அதே சாலையைப் பார்த்ததுதான். நசீர் வெளியே வந்து நின்றார். ரூஹி வண்டியை நிறுத்தி, கையை மடித்துச் சிராய்ப்பைக் காட்டினாள்.

"வுழுந்துட்டேன். டிரைலர் போசொல்ல கண்ண மூடிக்கினேன். இப்ப மூடல. இதோ, அக்கா சாட்சி."

நசீர் சிராய்ப்பைப் பார்த்தார். சாவி அவள் விரலில் தொங்கியது. அதையும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். மனைவியை இழந்திருக்கக்கூடியவரின் குரல், அதில் கோபம் கொஞ்சமும் இல்லை.

"கிருபாக்கா, நீங்க சொல்லுங்க. உங்க கண்ணால பாத்தீங்களா?"

பொய் சொல்லியே பிழைக்கிறவள் நான். பார்த்தேன் என்று ஒரு சொல் சொன்னால் கதை சுபமாக முடிந்துவிடும். ஆனால் அவர் கேட்டது அவள் உயிரைப் பற்றி. நான் வாயைத் திறந்து, "நசீர், நான்

(டிரைலர் போகிறது.)

காற்று அறைந்து, மணல் சிதறி, சத்தம் தேய்ந்து போன பிறகு நானும் நசீரும் கண்ணைத் திறந்தோம். இருவரும் ஒரே நேரத்தில் திறந்ததால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு ரூஹியைப் பார்த்தோம்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்து எங்கள் இருவரையும் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எங்களால் சொல்ல முடியாது.

நசீரின் கை மெல்ல நீண்டது. சாவியை வாங்கவா, சிராய்ப்பைத் தொடவா என்பது எனக்குத் தெரியவில்லை. கை போய்ச் சேர்வதற்குள் தூரத்தில் அடுத்த டிரைலர் உறுமியது. நான் என்ன செய்வேன் என்று உங்களுக்கே தெரியும். நீங்கள்தான் இந்தக் கதை முழுக்கக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தீர்கள். பார்த்துச் சொல்லுங்கள்.