பட்டறையில் ஒரு 'அண்ணே'

அந்தப் பஸ் பட்டறையில் எல்லோரும் அவளை 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பஸ் தகட்டின் நெளிவைத் தட்டிச் சரிசெய்யும் டிங்கர் கிண்டலுக்கு வைத்த பெயர் அது. பஸ் சக்கரத்தை ஒற்றை ஆளாகக் கழற்றி மாட்டுகிறாள், கெட்ட வார்த்தைக்கு முகம் சுளிப்பதில்லை, வீட்டுக் கதை பேசுவதில்லை என்று கண்டபிறகு கிண்டல் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. பதினொரு வருடத்தில் பிரேக் பிரிவுக்கு மேஸ்திரியும் ஆகிவிட்டாள். யாராவது தெரியாதவர் வந்து 'மேடம்' என்றால் அவளுக்கே சிரிப்பு வரும்.

அந்தப் பெயருக்காக அவள் பட்ட பாடு யாருக்கும் தெரியாது. பட்டறையில் இருந்தது ஆண்களுக்கான கழிப்பறை. கதவு கிடையாது, அரைச்சுவர் மட்டும். காலையில் வீட்டில் போய்விட்டு வந்தால் மறுபடி மாலை ஆறு மணிக்கு வீட்டில்தான். அதற்காகவே பகலில் தண்ணீர் குடிக்கமாட்டாள். டீ வந்தால் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு மீதியை யாரும் பார்க்காமல் கொட்டிவிடுவாள். இரண்டு முறை நீர்க்கடுப்பு முற்றிக் காய்ச்சலில் படுத்தாள். பட்டறையில் இடுப்புப் பிடிப்பு என்று சொல்லிவைத்தாள்.

பெயிண்ட் அடிக்க ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். கல்யாணமாகி ஆறு மாதம்தான். வந்த ஐந்தாம் நாள், டீ நேரத்தில் மேலாளர் சுற்றிப் பார்க்க வந்தபோது எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"சார், பொம்பளைங்களுக்குன்னு ஒரு பாத்ரூம் வேணும். சின்னதா இருந்தாலும் போதும், தாழ்ப்பாள் இருக்கணும்."

மேலாளர் தலையைச் சொறிந்தார். "இவங்களும்தான் பதினொரு வருஷமா இருக்காங்க. ஒரு நாளும் கேட்டதில்லையே. என்னம்மா, உனக்கு ஏதாவது கஷ்டமா?"

எல்லாக் கண்களும் அவள் மேல் திரும்பின. அந்த நேரத்தில் அவள் அடிவயிறு கல்லாகக் கனத்துக்கொண்டிருந்தது. கையிலிருந்த கிரீஸை நிதானமாகத் துடைத்தாள்.

"எனக்கென்ன சார் கஷ்டம். வந்த இடத்துல வேலையைப் பார்க்கணும். நெனச்சப்பல்லாம் எந்திரிச்சுப் போறதுக்கு இது என்ன அம்மா வீடா?"

பட்டறையே சிரித்தது. "அப்படிப் போடு அண்ணே" என்று டிங்கர் அவள் முதுகில் தட்டினார். மேலாளரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்தப் பெண் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. அவளை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தாள், பிறகு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

மறுநாளிலிருந்து அந்தப் பெண்ணும் டீ வேண்டாம் என்றாள். இரண்டு வாரத்தில் உதடு வெடித்து, முகம் வாடிப்போனது. ஒருநாள் ஏணியிலிருந்து இறங்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. இடுப்புப் பிடிப்பு."

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தப் பொய்யை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை போலும். ஏணியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று மதியமே மேலாளர் அறைக்குப் போனாள். உள்ளே டிங்கர் லீவுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். அவர் போகட்டும் என்று வாசலில் நின்றவள், நின்றால் திரும்பிப் போய்விடுவோம் என்று பயந்து உள்ளே நுழைந்தாள்.

"சார், அன்னைக்கு நான் சொன்னது பொய். எனக்கும் கஷ்டம்தான். மொத நாள்லேர்ந்தே."

"அப்பவே சொல்றதுக்கு என்னம்மா?"

"எல்லாரும் என்னை ஆம்பளை மாதிரின்னு நெனச்சுக்கிட்டு இருந்தீங்க. அதைக் கெடுத்துக்க மனசு வரல."

டிங்கர் ஏதாவது கேலி பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய பேட்டரி அறையைக் காலி செய்து, கதவும் தாழ்ப்பாளும் வைக்கப் பத்து நாள் ஆனது. பெயிண்ட் அடித்தது அந்தப் பெண்தான். கதவுக்குக் கடைசிப் பூச்சு பூசும்போது இவள் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"நீங்கதான் சொன்னீங்களாமே, டிங்கர் அண்ணன் சொன்னாரு."

"ம்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லக்கா. நாலு நாள் ஊசி போட்டுக்கிட்டேன், இன்னும் மாத்திரை சாப்பிடறேன்."

மன்னிச்சுக்கோ என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். "மாத்திரையை நடுவுல நிறுத்திடாதே" என்றுதான் வந்தது. அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் பூச்சைத் தொடர்ந்தாள்.

மறுநாள் இவள் டீயை முழுதாகக் குடித்தாள். பத்தரை மணிக்குப் புதுக் கதவின் சாவியை எடுத்துக்கொண்டு, அத்தனை ஆண்களும் பார்க்கப் பட்டறையைக் கடந்து நடந்தாள். உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுச் சும்மா நின்றாள். வெளியே சுத்தியல் சத்தம் நின்றது. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று கழுத்துவரை சூடேறியது. சத்தம் மறுபடி தொடங்கிய பிறகுதான் அவளால் உட்கார முடிந்தது.