பட்டன் கரடியின் ஆட்டம்

கேளிக்கைப் பூங்கா வாசலில் அந்த வெண்கலக் கரடியை நிறுத்திய நாள் முதல் வெர்னா பின்பக்க வழியாகத்தான் வேலைக்கு வருகிறாள். இரண்டு கையையும் தலைமேல் வைத்து இளித்துக்கொண்டு நிற்கிறது சனியன். பார்த்தாலே அவளுக்கு வயிறு எரியும்.

எரியாதா பின்னே? போன கோடையில், கம்பெனியின் கார்ட்டூன் நாயகனான பட்டன் கரடியின் உடுப்புக்குள் இருந்தவளே அவள்தான். கலிஃபோர்னியா வெயிலில், பஞ்சு அடைத்த அந்த உடுப்புக்குள் ஆள் வெந்துபோவாள். குழந்தைகள் எதிரில் கரடித் தலையைக் கழற்றக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது என்பது கம்பெனி சட்டம். முடியவில்லை என்றால் இரண்டு கையையும் தலைமேல் வைக்க வேண்டும். காவலாள் வந்து உள்ளே அழைத்துப்போவான். ஒரு நாள் அவளும் அப்படிக் கையை வைத்தாள். கண் இருட்டித் தள்ளாடினாள். கரடி ஆடுகிறது என்று குழந்தைகளும் தலையில் கை வைத்துக் குதித்தன. காவலாள் வந்து சேர்வதற்குள், ஸ்டுடியோவிலிருந்து வந்திருந்த கார்ட்டூன்காரர்கள் அதை ரசித்து ரசித்து வரைந்துகொண்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு அந்த ஆட்டத்தோடு பட்டன் கரடிப் படம் வந்தது. நாடே தலையில் கை வைத்து ஆடியது. முதலாளியின் மூளையில் உதித்த ஆட்டம் என்று கம்பெனியின் வரலாற்றுப் புத்தகத்திலேயே அச்சடித்துவிட்டார்கள். அடப் பாவிகளா!

"அது ஆட்டம் இல்ல சார், மயக்கம்," என்று மேலாளர் க்ராலியிடம் போய் நின்றாள். "வேற சைகையாவது வைங்க. இனிமே கையைத் தூக்கினா எவன் வருவான்?"

"ஊரே கொண்டாடுது, உனக்கு மட்டும் ஏம்மா கசக்குது?" என்று சிரித்தார் அந்த மனிதர். மறுநாளே அவளைப் பாப்கார்ன் வண்டிக்குத் தள்ளிவிட்டார். உடுப்பு அவள் தோழி ஓப்பலுக்குப் போனது.

ஜூலை நாலாம் தேதி, சுதந்திர தின ஊர்வலம். தார் ரோடு கொதித்தது. பாண்டுக்காரர்கள் ஏதோ பட்டாளத்துப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவில், ஆட்டத்துக்கான பாட்டே வராதபோது, கரடி இரண்டு கையையும் தலைமேல் வைத்தது.

பாப்கார்ன் வண்டியிலிருந்து வெர்னா எட்டிப் பார்த்தாள்.

கூட்டம் மொத்தமும் கையைத் தலைக்குத் தூக்கியது. பாண்டுக்காரர்கள் சட்டென்று கரடிப் பாட்டுக்கு மாறினார்கள். காவலாளும் சிரித்துக்கொண்டே தன் தொப்பிமேல் கை வைத்து இடுப்பை ஆட்டினான், தடியன்! கரடி முழங்கால் மடங்கி விழுந்தது. அதற்கும் கைதட்டல்.

வெர்னா பாப்கார்னைப் போட்டது போட்டபடி கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். க்ராலி குறுக்கே விழுந்தார்.

"தலையைத் தொடாத வெர்னா! குழந்தைங்க பாக்குதுங்க!"

"பாக்கட்டும்யா! உள்ள கெடக்கறது மனுஷி!"

ஒரே இழுப்பு. கரடித் தலை உருண்டது. வெந்த முகம், ஒட்டிக்கிடந்த முடி, பிளந்த வாய். குழந்தைகள் வீறிட்டன. ஒரு தாய் கையிலிருந்த எலுமிச்சை ஜூஸ் கூஜாவைத் தானே கொண்டுவந்து நீட்டினாள். ஐஸோடு அப்படியே ஓப்பலின் தலையில் கவிழ்த்தாள் வெர்னா.

"உனக்கு வேலை போச்சு," என்றார் க்ராலி.

"மயிரே போச்சு. நகருய்யா, காத்து வரட்டும்."

நெடுநேரம் கழித்து ஓப்பல் கண்ணைத் திறந்தாள்.

"கைய தூக்கினேனே வெர்னா," என்றாள் ஈனக்குரலில். "யாருமே பாக்கலையா?"

வெர்னா அவள் நெற்றியைத் துடைத்தாள்.

"எல்லாரும் பாத்தாங்கடி," என்றாள். "கை தட்டினாங்க."