சேனை

கோழியைக் கழுவும்போது ஃபராய் வழக்கம்போலப் பாடிக்கொண்டிருந்தார். பாட்டின் நடுவே நிறுத்தி, பச்சைமிளகாய் இல்லை என்றார். நான் மோர்னிங்சைட்டில் ரம்ஸீனின் கடைக்கு நடந்தேன்.

"சாதிக் நாநாவா சமைக்கிறார்? அப்ப கொஞ்சம் கூடப் போடுறன்," என்றார் ரம்ஸீன்.

என் கணவர் ஃபராய் சிம்பாப்வேயின் லெம்பா இனத்தவர், குடும்பப் பெயர் சாதிக்கி. பன்றி தொடமாட்டார். அவரைத் தன்னைப் போல முஸ்லிம் என்று எண்ணி, அண்ணன் முறையில் நாநா என்றழைக்க ரம்ஸீனுக்கு அது போதுமாயிருந்தது.

நான் திரும்பியபோது குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தரையில் கிடந்தார்.

அந்தப் பாட்டு எங்கும் எழுதப்படவில்லை. முன்னோர் சேனா என்ற ஊரிலிருந்து கடல் கடந்து வந்ததைச் சொல்லும் வேண்டுதல் அது. அடக்கத்தில் அதைப் பாடினால்தான் போனவரை முன்னோர் அடையாளம் காண்பார்கள் என்பது அவர் வீட்டாரின் நம்பிக்கை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ரொறன்ரோவில் அவருடைய ஆட்கள் யாரையும் நான் அறியேன். அடக்கத்தன்று அவருடைய அண்ணன் சிம்பாப்வேயிலிருந்து தொலைபேசியில் பாடுவதாக ஏற்பாடு.

முதல் வரி முடியுமுன் சத்தம் நின்றது. என் தம்பி ஸ்ரீதரன் தொலைபேசியைத் தட்டிப் பார்த்தான்.

"அக்கா, லைன் கட்டாகிட்டுது. என்ன செய்யிறது?"

பெட்டியை இறக்குபவர்கள் காத்து நின்றார்கள். காதால் கேட்டுப் படிந்ததை நான் பாடினேன். சேனா வரவேண்டிய இடத்தில், வாயில் சேனை வந்தது.

என் அப்பா திருகோணமலைப் பக்கம் காடு வெட்டி எரித்துப் பயிரிடும் சேனை செய்தவர். கல்யாணமான புதிதில், "உங்கட ஆக்களும் சேனை செய்தவையோ?" என்று ஃபராயிடம் கேட்டிருந்தேன். விளக்கம் கேட்டுச் சிரித்தவர், பிறகு என்னைச் சீண்டவென்றே அப்படிப் பாடத் தொடங்கினார். எனக்கு அந்தப் பாட்டு அப்படித்தான் தெரியும்.

மாலையில் அண்ணன் மறுபடி அழைத்தார். யார் முடித்தது என்று கேட்டார்.

"நான்தான். ஒரு சொல் பிழைத்துவிட்டது. அவரை அவர்களுக்குத் தெரியாமல் போய்விடுமோ?"

"சேனையா?"

"ஆம். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்னிடமும் அப்படித்தான் பாடுவான். எத்தனை தரம் ஏசியிருப்பேன். நீ சரியாகப் பாடியிருந்தால்தான், இது யாரோ என்று அவர்கள் திருப்பி அனுப்பியிருப்பார்கள்."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. இருவரும் தொலைபேசியை வைக்காமல் இருந்தோம்.

இப்போது ஒருத்திக்குத்தான் சமையல். ரம்ஸீன் இன்றும் பச்சைமிளகாயைக் கொஞ்சம் கூடத்தான் போடுகிறார்.