ஆறு ஏழான பிற்பகல்

கெமிஸ்ட்ரி வாத்தியாரின் மூன்று பெண்களும் பத்தொன்பது வயதிலும் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு கிலோதான் இருந்தார்கள். ஒரே பிரசவம், ஒரே முகம், ஒரே உயரம். இரண்டு வயதில் ஒருத்திக்கே இருமுறை சோறு ஊட்டிவிட்டு இன்னொருத்தியைப் பட்டினி போட்டுவிட்டதாக மனைவி அழ, வாத்தியார் அழியாத மையை எடுத்துச் சட்டைகளில் எழுதினார். மனிதருக்கு வீட்டிலும் கரும்பலகை நினைப்புதான். கார்பனுக்கு ‘C’, அதன் இடப்பக்கம் கீழே மூவருக்கும் 6, மேலே 12, 13, 14. கீழே இருப்பது புரோட்டான் கணக்கு, அது மாறினால் ஆளே மாறிவிடும். மேலே இருப்பது எடை, நியூட்ரான் கூடினாலும் குறைந்தாலும் ஆள் அதே ஆள்தான் என்று தெருவுக்கே பாடம் நடத்தினார். அன்று எழுதிய எடையிலேயே மூவரும் நின்றுவிட்டார்கள். காற்றடித்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். நாங்களும் பேரை விட்டுவிட்டு எண்ணைச் சொல்லியே கூப்பிட்டோம்.

பதினான்கு நிலையில்லாதது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. பன்னிரண்டுதான் பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு வந்து அம்மாவிடம் போட்டு உடைத்தாள்: கடைக்குட்டி ஒருநாள் வேறொன்றாகிவிடுவாளாம்.

"ஏங்க, நிஜமா?"

"பாதி மாறவே ஐயாயிரத்து எழுநூறு வருஷம் ஆகும்டி. அதுக்குள்ள நீ எங்க, நான் எங்க."

"கோடிக்கணக்குல இருந்தா பாதி. எனக்கு இருக்கறது ஒருத்திதானே. அவளுக்கு எப்போ?"

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "ஒண்ணுக்குன்னு சொல்ல முடியாது. இன்னிக்கு மத்தியானமாகூட இருக்கலாம்."

அம்மாக்காரி மண்ணெண்ணெய் போட்டுத் துவைத்தாள், சட்டையைக் கொளுத்தினாள். புதுச்சட்டையிலும் காலையில் அதே எழுத்து. அதன்பிறகு ஏழு வருஷம் அவள் மூன்றாமவளின் கையை விடவில்லை. கடைக்குப் போனால் பலூன் வாங்கி வருகிற மாதிரி இருக்கிறது என்று சிரித்தோம். எங்கள் வாய்க்கு அரிசி போட ஆளில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், அம்மாக்காரி மூன்றாமவளுக்குத் தலை பின்னிவிடும்போது ‘டிக்’ என்றது. எலக்ட்ரான் ஒன்று வெளியே பறந்த வழியில், ஜன்னல் கண்ணாடியில் குண்டூசி அளவு ஓட்டை. கையிலிருந்த நீள முடி சுருட்டையாகியிருந்தது. திரும்பிய முகத்தில் அகன்ற தாடை, வளைந்த மூக்கு. சட்டையில் 6 இருந்த இடத்தில் 7, C இருந்த இடத்தில் நைட்ரஜனின் N. மேலே 14 மட்டும் அப்படியே. எடை மெஷினில் நிறுத்தினார்கள், வித்தியாசமில்லை.

"நான் சரியாத்தான் எழுதியிருக்கேன்," என்றார் வாத்தியார். மனைவி மைப்புட்டியைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வந்தாள். மகளின் இடத்தில் உட்கார்ந்திருந்தவளை வெகுநேரம் பார்த்தாள்.

"பசிக்குதா?"

"கொஞ்சம் பசிக்குதும்மா."

"உக்காரு. பின்னல் பாதியில நிக்குது."

தையல்காரர் புது அளவு எடுத்துப் போனார். ஒரு மாதத்தில் எங்களுக்கும் பழகிவிட்டது. போன வாரம் அதே தாடையும் அதே மூக்குமாக ஒரு பெண்மணி தெருமுனையில் நின்று, தன் சாயலில் இங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். வெயிலாக இருந்தது, தண்ணீர் கொடுத்தோம். எந்த வீட்டு விஷயத்தையும் வயிற்றில் வைத்துக்கொள்ளாத நாங்கள், அப்படி யாரும் இல்லை என்று ஒரே குரலில் சொன்னோம். அடுத்த தெருவில் விசாரிக்கப் போனாள். அங்கேயும் சொல்லி வைத்திருக்கிறோம்.